கழுவிய ஐஸ்

சத்தத்தை வைத்தே அந்த வீட்டில் அடியைச் சொல்லிவிடுவார்கள். உள்ளங்கையின் அடிப்பக்கம் நெற்றிப்பொட்டில் விழுந்தால் ஒரு சத்தம். முஷ்டி கன்னத்து எலும்பில் விழுந்தால் வேறு சத்தம். கண்ணில் விழுந்தால் சத்தமே வராது. அதுதான் மோசம்.

அம்மா வாசலை ஒட்டி உட்கார்ந்து மீன் மார்க்கெட்டுச் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். கோணி ஊசி இறங்கி ஏறும்போதெல்லாம் சணல் தூசி பறந்து மூக்கில் ஏறியது. உள்ளே தெர்மாகோல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாப்பா முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேல் ஒரு செங்கல் இருந்தது. பாப்பா செங்கலைத் தொட்டாள். அடுப்படியிலிருந்த அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி, கொதிக்குது இங்க. சும்மா சும்மா அதத் தொறந்தா உருகிடும்" என்றாள் அத்தை.

பாப்பா கொஞ்ச நேரம் ஆடினாள். ஆட்டம் நின்றது. வாசலில் ஊசியும் நின்றது.

சத்தம் வரவில்லை.

"அண்ணி! ஐஸு! கண்ணுல குத்திக்கிட்டா!"

அம்மா கத்திக்கொண்டே ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாப்பாவுக்குப் பதினேழு வயது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, மற்றபடி வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் பாப்பாதான். ஆனால் அம்மாவை ஒரு உதறலில் சுவரோடு சேர்த்துவிடும் பாப்பா. அத்தை செங்கலைத் தள்ளி, மூடியைத் திறந்து, ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவதற்குள் இன்னும் நாலைந்து விழுந்துவிட்டது.

ஐஸ் கன்னத்தில் பட்டதும் அடங்கினாள். துணியை உருவி எறிந்துவிட்டு, துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் தேய்த்தாள். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். உருகுகிற ஐஸுக்குள் அடைபட்ட காற்று மெல்ல மெல்ல வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, வீங்கிய கண்ணோடு, சிரித்தாள்.

"பாத்தியா. மருந்து மாத்திரையெல்லாம் என்னத்துக்கு? எந்தம்பி கொண்டு வர்ற ஐஸு ஒண்ணு போதும்" என்றாள் அத்தை. அவள் இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் கொக்கி வேலை. அதனால் ஆளுக்கும் கொக்கி என்றே பெயர் விழுந்துவிட்டது. கம்பெனிக் கூரைக்குக் கீழே ஒரு பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். அதற்குள் வரிசையாக இடுப்பு உயரத் தகர டின்கள். டின்னுக்குள் நல்ல தண்ணீர். கம்ப்ரசர் ஓடி ஓடி உப்புத்தண்ணீரைக் குளிர வைக்க, டின்னுக்குள் இருப்பது பாறையாக இறுகும். டின்னைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதில் கொக்கியைப் போட்டு இழுத்து, பலகை வழியாக லாரிக்குத் தள்ள வேண்டும். தள்ளுகிறவனின் கால் பாளத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது. அப்படி இருந்தவர்கள் இப்போது வேறு வேலை பார்க்கிறார்கள். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கும்போது உள்ளே விரல் மரத்துப்போய்ப் பீடி நழுவும். உப்பு தின்ற கையில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும், அதில் டீ பட்டாலும் எரியும்.

பாளத்தின் நடுப்பகுதி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். ஓரம் கண்ணாடி. வேலை முடிந்ததும் உடைந்து கிடக்கும் ஓரத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒட்டியிருக்கும் மரத்தூளைக் கழுவி, பெட்டியை நிரப்பிக்கொள்வார்.

"என்னய்யா கொக்கி, வைரமா பொறுக்குறே?" என்பார் கம்ப்ரசர் ஆப்பரேட்டர்.

"எம்பொண்ணு வெள்ளையத் தொட மாட்டா. அவளுக்குக் கண்ணாடிதான் வேணும்."

"ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டுத் தொலையேன்."

"ஐஸ் கம்பெனிக்காரன் ஃபிரிட்ஜ் வாங்கினா ஊரே சிரிக்கும்."

மகளுக்கென்று அவர் செய்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். குளிப்பாட்டுவது, தலை வாருவது, மாதத்துக்கு ஒருமுறை வருகிற அந்த நாட்களில் துணி மாற்றுவது எல்லாம் பெண்கள் பாடு. பாப்பா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால் திரும்பியதில்லை. ஆனால் தெர்மாகோல் மூடி உரசுகிற கிறீச்சுச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வந்து நிற்பாள். அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்த அப்பா என்ற சொல் அதுதான். வந்து நிற்பவளிடம் அவர் பெட்டியைக் காட்டுவார். காட்டிவிட்டு மூடுவார்.

"இப்ப வேணாம் பாப்பா. தீந்து போச்சுன்னா, அடி பட்டா என்ன பண்றது?"

வீங்கினால் வைக்க வேண்டுமே என்று அதைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். செங்கல் அதற்காக வந்ததுதான்.

கண் டாக்டர் பெண், அதிகம் பேசாதவள். பாப்பாவின் இமையைத் தூக்கிப் பார்க்க நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"வலது கண்ணு போயிடுச்சு. அதுல இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. இடது கண்ணுல உள் திரை விலக ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி ஒட்டலாம். ஆனா ஒட்டின மறுநாளே இப்படிக் குத்திக்கிட்டா திரும்பக் கிழிஞ்சிடும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது."

"அப்ப என்ன பண்றதுங்க?" என்றாள் அம்மா.

"அடி நிக்கணும். கொறஞ்சதுன்னாகூட உடனே கூட்டிட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

பஸ்ஸில் வரும்போது அத்தை பொரிந்து தள்ளினாள். "அடி நிக்கணுமாம். குழாயா இது, திருகி மூடுறதுக்கு?"

மூடிப் பார்க்காமலும் இல்லை. துண்டால் கையைக் கட்டிப் பார்த்தார்கள். பாப்பா தலையைச் சுவரில் மோதினாள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நாளெல்லாம் எச்சில் வழியத் தூங்கினாள், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டாள். கடைசியில் டாக்டர்தான் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு மையத்துக்குச் சொல்லி, அங்கிருந்து ஒரு டீச்சர் வீட்டுக்கே வர ஆரம்பித்தாள்.

சின்ன உருவம். ஸ்கூட்டரில் வருவாள். வந்ததும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பாப்பா அடித்துக்கொள்ளும்போதும் கை நீட்டித் தலையைக் காப்பதோடு சரி, பார்ப்பதை விட மாட்டாள்.

"உக்காந்து வேடிக்க பாக்குறதுக்குச் சம்பளமாம்மா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. நான் நல்லாவே பாப்பேன்" என்றாள் அத்தை.

"நீங்க பாக்குறதே இல்லம்மா, ஓடிக்கிட்டேல்ல இருக்கீங்க" என்று டீச்சர் சிரித்தாள். பிறகு கேட்டாள். "இப்ப அடிச்சுக்கிட்டாளே, அதுக்குச் சத்த முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. சும்மா நின்னுக்கிட்டிருந்தா."

"எங்க நின்னா?"

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

அப்பா வீட்டில் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து டீச்சர் பேச்சை எடுத்தாள். அவர் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. நான் பாத்த வரைக்கும், பாப்பா கண்ணுல குத்திக்கிறது ஐஸுக்காக."

"ஐஸுதாம்மா அடிக்காக. நீ மாத்திச் சொல்றே."

"இல்லண்ணே. பெட்டிகிட்ட வந்து நிக்கிறா. யாரும் தர்றதில்ல. கையப் புடிச்சு இழுக்கிறா. யாரும் வர்றதில்ல. கண்ணுல குத்துறா. மூணு பேரும் விழுந்தடிச்சு ஓடி வர்றீங்க, கையில ஐஸ் வந்துடுது. லேசா அடிச்சா சில சமயம் லேட்டாகுது. கண்ணுல அடிச்சா லேட்டே ஆகுறதில்ல. அவளுக்குப் பேச்சு கெடையாது. நாம காது குடுத்தது இந்த ஒண்ணுக்குத்தான்."

அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப ஹாரன் சத்தம் கேட்டா அடிச்சுக்கிறாளே? தலை வாரும்போது? அதெல்லாம் ஐஸுக்கா?"

"அது வேற. அது பிடிக்காததுலேர்ந்து தப்பிக்க. அதுக்கு வேற வழி பண்ணலாம். நான் எல்லா அடியும் ஐஸுக்குன்னு சொல்லல."

"சொல்லாத. ஐஸுக்கு இல்லேன்னே சொல்லு."

"கண்ணுல குத்துறது பெட்டிகிட்டதான்ணே. வேற எங்கயும் நான் பாக்கல."

"அதாவது எம்பொண்ணு கண்ண நானே தோண்டினேன். தெனம் பெட்டியில போட்டுத் தூக்கிட்டு வந்து தோண்டினேன். அதான சொல்ல வர்றே?"

"வீங்கினா ஐஸ் வைக்காதவங்க யாருண்ணே இருக்காங்க? உங்க வீட்டுல நல்ல ஐஸ் எப்பவும் இருந்துச்சு. அவளுக்கு அது உசிரா இருந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது."

"அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று கம்பெனியில் அவர் தள்ளிய பாளம் ஒன்று பலகையை விட்டு விலகி, லாரிக்காரன் காலடியில் விழுந்து சிதறியது. லாரிக்காரன் அவர் அம்மாவை இழுத்துத் திட்டினான். சாதாரணமாக என்றால் கொக்கியோடு சண்டைக்குப் போயிருப்பார். அன்று குனிந்து துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தார்.

"எங்கங்க ஐஸு?" என்றாள் அம்மா.

"இனிமே கொண்டு வர மாட்டேன். சனியன் ஒழியட்டும்."

அம்மா சாக்கை மடியிலிருந்து தள்ளினாள். அவள் முன்கையெல்லாம் பழைய கடித் தழும்பும் புதிய நகக்கீறலும்.

"கொண்டு வரணும்னுதான் டீச்சர் சொல்லுது. முன்னைவிட நெறைய. அடிச்சா இல்ல, கேட்டா. நீங்க முழுசாக் கேக்காம எந்திரிச்சுப் போயிட்டீங்க. நாளைக்கு ரெண்டு பெட்டி கொண்டாங்க."

"கேக்க அவளுக்கு வாய் எங்க இருக்கு?"

"கை இருக்குல்ல. அதத்தான சும்மா விட்டுட்டோம்."

பெட்டிக்குப் பக்கத்தில், சுவர் ஆணியில், பிடி வைத்த ஒரு நீலப் பிளாஸ்டிக் கிண்ணம் வந்தது. செங்கல் வாசலுக்குப் போனது. பாப்பா பெட்டியிடம் வந்து நின்றால், பின்னாலிருந்து அத்தை அவள் கையைப் பிடித்துக் கிண்ணத்தை எடுக்க வைத்து முன்னால் இருப்பவரிடம் நீட்ட வைப்பாள். நீட்டிய நொடி ஐஸ் விழும். சின்னத் துண்டு, காதில் வைத்துக் கேட்கப் போதுமான அளவு. அது உருகியதும் திரும்ப. பெட்டி காலியாகும் வரை இதே வேலை. தரையெல்லாம் ஈரமாகிச் சாக்கு நனைந்து, அம்மா கட்டுக்கட்டாகச் சாக்கைத் தூக்கிக் கட்டில் மேல் போட்டாள்.

அடித்துக்கொண்டால் வேறு சட்டம். கைக்கும் முகத்துக்கும் நடுவில் தலையணை வர வேண்டும். கத்தக் கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, ஐஸ் கூடவே கூடாது. கை தானாக இறங்கி மூச்சு நிதானமான பிறகுதான் கிண்ணம். டீச்சர் பஞ்சு வைத்த தலைக்கவசம் ஒன்றும் கொண்டு வந்தாள். பாப்பா அதைப் பிய்த்துப் பஞ்சு பஞ்சாக ஆக்கிவிட்டாள்.

"ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன்" என்றாள் டீச்சர். "மொதல்ல அடி கூடும். இத்தனை நாள் கெடச்சது ஏன் கெடைக்கலன்னு பலமா அடிச்சுப் பாக்கத்தான் செய்வா. அந்த நேரம் பாவம்னு யாராவது ஐஸ் குடுத்துட்டா, இந்த அளவுக்கு அடிச்சாத்தான் கெடைக்கும்னு கத்துக்குவா. அதுக்கு இத ஆரம்பிக்காமலே இருக்கலாம்."

"இன்னொண்ணு?" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒருநாள் யாரும் கையப் புடிக்காம அவளாவே கிண்ணத்த எடுத்துட்டு வருவா. அன்னைக்கு வீடே தீப்பிடிச்சாலும் குடுத்துடணும். கேட்டும் கெடைக்கலன்னா கேக்குறத விட்டுடுவா."

"மொதல்ல கேக்கட்டும்."

அந்த வாரம் மழை வருகிற மாதிரி இருந்தும் வரவில்லை. காற்று நின்றுவிட்டது. தெரு முழுக்க மீன் நாற்றமும் கம்ப்ரசர் இரைச்சலும். பாப்பா அடித்துக்கொண்டாள். டீச்சர் சொன்னதைவிட அதிகமாக அடித்துக்கொண்டாள். தலையணையின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. முஷ்டி நடுவே நுழைந்து நுழைந்து கன்னத்தில் விழுந்தது. அம்மாவின் உதடு கிழிந்தது. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாதென்று அவள் ரத்தத்தை நாக்கால் நக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப்பார்த்து, "பொட்டப்புள்ளைய இப்படியா போட்டு அடிப்பீங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

நல்ல நேரத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் யாராவது பிடிக்க வைத்தால்தான். கையை விட்டால் கிண்ணம் கீழே விழும்.

அடி கூடிக்கொண்டே போனது. டீச்சரின் முகமும் சுண்டிப்போனது. ஒருநாள் அவள் வந்தபோது வீட்டில் அத்தையும் பாப்பாவும் மட்டும். பாப்பா அமைதியாக இருந்தாள். அவள் மடி ஈரமாக இருந்தது. கிண்ணம் உலர்ந்து ஆணியில் தொங்கியது.

"ஏம்மா, ஐஸ் குடுத்தீங்களா?" என்று டீச்சர் அத்தையைக் கேட்டாள்.

"ஆமா, குடுத்தேன்." அத்தை எழுந்து நின்றாள். "தெனம் குடுக்குறேன். அவங்க ரெண்டு பேரும் இல்லாதப்போ குடுக்குறேன். என்ன பண்ணுவே? செயில்ல போடுவியா? நீ வண்டியில வந்து வண்டியில போயிடுறே. நான் இவளோட ஒரே பாயில படுக்கிறேன். அந்தக் கண்ணு வீங்கி மூடிக்கிட்டு ரத்தம் வடியும்போது, பக்கத்துல பெட்டி நிறைய ஐஸ வச்சுக்கிட்டு நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கணும். நீ உக்காருவியா? உம்புள்ளையா இருந்தா உக்காருவியா?"

"தெரியலம்மா" என்றாள் டீச்சர்.

"தெரியலேல்ல."

"ராத்திரி எனக்குத் தூக்கம் வர்றதில்லம்மா. தப்பாச் சொல்லிட்டோமோன்னுதான் இருக்கு. ஆனா நீங்க குடுக்கும்போது அவ எங்க குத்திக்கிட்டா? அத மட்டும் சொல்லுங்க."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணுல" என்றாள்.

"இடதா, வலதா?"

அத்தை தன் இடது கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். டீச்சர் வெளியே போய் ஸ்கூட்டரில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள்.

அன்று மாலை அத்தை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள்.

"நானும் ஒருநாள் குடுத்தேன்க்கா. நீ கொல்லைக்குப் போயிருந்தப்போ" என்றார் அவர். "இனிமே ரெண்டு பேரும் குடுக்க வேணாம்."

"என்னால முடியலன்னா?"

"என்னைக் கூப்பிடு. கம்பெனி கூப்பிடு தூரம்தான."

அதற்குப் பிறகு உண்மையிலேயே யாரும் கொடுக்கவில்லை. அடி முதலில் இன்னும் ஏறியது. இரண்டு முறை அத்தை தெருவில் இறங்கி ஓடிப்போய்க் கம்பெனிக் கதவில் நின்று கத்தினாள், அவர் கொக்கியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து தலையணையைப் பிடித்தார். மேஸ்திரி வாய்க்கு வந்ததைப் பேசினான். பிறகு ஒருநாள் அம்மா சாக்குத் தைத்துக்கொண்டே, "காலையிலேர்ந்து கண்ணுல விழல, கவனிச்சீங்களா அண்ணி?" என்றாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் அத்தை. அன்று சாயங்காலம் லாரி ஹாரனுக்கு நெற்றியில் அடித்துக்கொண்டாள். கண்ணில் இல்லை.

கம்பெனியில் குளிரூட்டுகிற அமோனியா வாயு கசிந்தது மழை பெய்த மறுநாள். குழாய் மூட்டு ஒன்றில் புஸ்ஸென்று வந்ததும் ஆப்பரேட்டர் விசில் ஊதினார். எல்லாரும் ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பாவுக்குக் கண்ணும் தொண்டையும் எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, தெரு முழுக்கக் கரண்ட்டைப் பிடுங்கினார்கள், கதவைச் சாத்திக் கயிறு கட்டினார்கள்.

"உள்ள எம்பெட்டி இருக்குய்யா" என்றார் அப்பா.

"உசிரு வெளிய வந்துச்சேன்னு இரு. எப்பத் தொறப்பாங்களோ, யாருக்குத் தெரியும்" என்றார் ஆப்பரேட்டர்.

சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வந்து குடத்துத் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். முந்தின நாள் கொண்டு வந்த பெட்டியில் தண்ணீர்தான் இருந்தது. அம்மா விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினார்.

முழங்காலில் ஏதோ பட்டது.

கண்ணைத் திறந்தார். பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள். கையில் நீலக் கிண்ணம். ஆணியிலிருந்து அவளே எடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அத்தை அடுப்படி வாசலில் கரண்டியோடு உறைந்து நின்றாள்.

கிண்ணம் இன்னொரு முறை முழங்காலில் பட்டது.

"ஏங்க" என்றாள் அம்மா, குரலே எழும்பாமல். "அவளா எடுத்துட்டு வந்துட்டாங்க."

"ஐஸு இல்லையேடி."

"இல்லன்னு சொல்லாதீங்க. அந்தச் சொல் வேணாம். போங்க, எங்கயாவது போங்க."

செருப்புப் போடாமல் இறங்கினார். பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. "கரண்ட் போயி எத்தன நேரமாச்சு, எல்லாம் தண்ணியா ஓடுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. டீக்கடையில் கேட்டார். சோடாக் கடையில் கேட்டார். மழைச்சேற்றில் கால் வழுக்க வழுக்க மீன் மார்க்கெட் வரை ஓடினார். கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையால் தள்ளி அனுப்பிய பாளங்கள்தான் அங்கே மீனுக்கு அடியில் நொறுங்கிக் கிடந்தன.

"ஒரு துண்டு ஐஸ் குடும்மா."

மீன்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன கொக்கி, உனக்கே ஐஸ் பஞ்சமா? தெனம் அரப்பாளத்தக் கொறச்சுப் போட்டுட்டு முழுப்பாளம்னு சொல்லுவியே, இப்பத் தெரியுதா?"

"சிரிச்சுக்க. அப்புறமா வந்து திட்டு வாங்கிக்கிறேன். இப்பக் குடு."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. கூடைக்குள் கையை விட்டு, அடியில் இருந்த பெரிய துண்டாகத் தேடி எடுத்தாள். ஓரத்தில் கண்ணாடி கொஞ்சம் இருந்தது. செதில் ஒட்டியிருந்தது. அவர் அதைச் சட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினார். வயிற்றில் குளிர்ந்த நீர் வழிந்து இறங்கியது.

வீட்டில் பாப்பா நின்ற இடத்திலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை மார்போடு அணைத்திருந்தாள். அத்தை தலையணையோடு பக்கத்தில் நின்றாள்.

"கைய ரெண்டு தடவ தூக்கினா" என்றாள் அத்தை. "தூக்கிட்டு எறக்கிட்டா. சீக்கிரம் போடு."

அவர் கிண்ணத்தில் போட்டார். பாப்பா எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு மூக்கிடம் கொண்டு போனாள். முகம் சுருங்கியது. ஐஸைத் தூக்கி எறிந்தாள். அது சாக்குக் கட்டின் மேல் பட்டுத் தரையில் உருண்டது. கிண்ணமும் விழுந்தது. முஷ்டி எழுந்து கண்ணுக்கு நேராக நின்றது.

அம்மா ஊசியைக் கையில் பிடித்தபடி மூச்சை அடக்கினாள். அத்தையின் தலையணை பாதி தூரம் வந்தது. அப்பா அசையவில்லை.

முஷ்டி அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு இறங்கியது. பாப்பா குனிந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். அதை அவர் முழங்காலில், வலிக்கும்படி, ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"இரு பாப்பா" என்றார் அப்பா. "கழுவித் தரேன்."

தரையில் கிடந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு குடத்தடிக்குப் போனார். அம்மா செம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அவர் வெடித்த விரலால் செதிலைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் செதிலும் போனது, ஐஸும் போனது. பாதியாயிற்று. "போதுங்க, கரையுது" என்றாள் அம்மா. முகர்ந்து பார்த்தார். "இன்னும் நாத்தம் இருக்கு. ஊத்து."

பின்னால் பாப்பா கிண்ணத்தைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். டொக், டொக் என்று வீடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன சத்தம் அங்க?" என்று கத்தினாள். அந்த வீட்டில் ஒருவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.